ஒரே ஆல்பம், இரண்டு மறுவெளியீடு, ஓயாத வாக்குவாதம்

கேள்வி: "எங்கள் பெரியப்பா ரிட்டயர் ஆகிறார். அமெரிக்கப் பாடகர்கள் சைமன், கார்ஃபங்கல் ஜோடியின் கடைசி ஆல்பமான 'பிரிட்ஜ் ஓவர் டிரபுள்ட் வாட்டர்' எல்பி தட்டு காலேஜ் நாளிலிருந்து அவரிடம் இருக்கிறது. அதன் மறுவெளியீட்டைப் பரிசாகக் கொடுக்கலாம் என்று விசாரித்தேன். கேட்டவர்களில் ஒருவர் அற்புதம் என்கிறார், இன்னொருவர் காசுக்குப் பிடித்த கேடு என்கிறார். யார் பேச்சை நம்புவது? குடியாத்தத்தில் இருக்கிறேன்."

தம்பி, இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் எந்த மறுவெளியீட்டைச் சொல்கிறார்கள் என்று கேட்டீர்களா? அதைக் கேட்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இந்த ஆல்பம் முதலில் வந்தது 1970 ஜனவரி 26 அன்று, கொலம்பியா வெளியீடாக. அதற்கப்புறம் எத்தனையோ முறை, எத்தனையோ வடிவத்தில் விற்றுவிட்டார்கள். ஜனங்கள் "ரீஇஷ்யூ" என்று பேச்சுவாக்கில் சொல்வது பெரும்பாலும் இரண்டைத்தான். ஒன்று 2001-ல் வந்த சிடி. ஒலியைப் புதிதாகச் சீர்செய்து, மூலத்தில் இருந்த 11 பாட்டுக்குப் பின்னால் இரண்டைக் கூடுதலாக ஒட்டினார்கள். 'ஃபெயூ-ஓ' என்ற பாட்டின் ஒத்திகைப் பதிவு ஒன்று, தலைப்புப் பாட்டின் ஆறாவது டேக், அதாவது ஆறாவது முறை பாடிப் பார்த்த பதிவு, இன்னொன்று. அடுத்தது 2011 மார்ச்சில் வந்த 40-ஆம் ஆண்டுப் பதிப்பு. இதில் மூன்று தட்டு: மூல ஆல்பம் ஒரு சிடி, 1969 கச்சேரிப் பதிவுகள் ஒரு சிடி, ஒரு டிவிடி.

கடைசியில் ஒட்டிய பாட்டுகள் எரிச்சல் என்பவர் கையில் இருப்பது 2001. கச்சேரி அபாரம் என்பவர் கையில் இருப்பது 2011. இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொல்லி மல்லுக்கு நிற்கிறார்கள்.

மீதிப் பாதிச் சண்டை காது சம்பந்தப்பட்டது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரிலேயே அது நடந்தது. சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஞாயிறு சாயங்காலம் நாங்கள் சிலர் கூடிப் பாட்டு கேட்போம். வேலூரில் இந்த மாதிரிப் பாட்டுக்கு ஆள் கிடைக்குமா என்று நினைக்காதீர்கள். கோட்டைக்குள்ளேயே 1840-களில் கட்டிய வெள்ளைக்காரன் காலத்துத் தேவாலயம் நிற்கிற ஊர் இது. நாலு குரலில் பிரித்துப் பாடுகிற கொயர் பழக்கம் தலைமுறையாக இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்குப் படிக்கவும் வேலைக்கும் மிசோரம், நாகாலாந்திலிருந்து வருகிற பிள்ளைகள் வேறு. கிடார் இல்லாத ஹாஸ்டல் ரூமைப் பார்ப்பது அரிது.

ஒரு ஞாயிறு 2011 பெட்டியும் பழைய எல்பியும் ஒன்றாகக் கிடைத்தன. ஒவ்வொரு பாட்டையும் இரண்டிலும் கேட்டோம். ஆளுக்கொரு தீர்ப்பு.

ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிற அண்ணன் ஒருவர் வருவார். எல்பி கட்சி. தலைப்புப் பாட்டு சிடியில் முடிவதற்குள்ளேயே, "இன்னாபா இது, எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்கு ஏத்தி வெச்சிருக்கான். மெதுவா பாடறதுக்கும் கத்தறதுக்கும் வித்தியாசம் வேணாமா?" என்றார். கொயரில் பேஸ் பாடுகிற ஓய்வுபெற்ற வங்கிக்காரர் நேர் எதிர்க் கட்சி. "தி பாக்ஸர்" பாட்டில் மேல் குரலுக்கு அடியில் சைமனின் குரல் எந்த இடத்தில் நுழைகிறது என்று தட்டில் இத்தனை வருஷம் கேட்டும் பிடிபடவில்லையாம், சிடியில் பிடிபட்டது என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும் பையன், "ரெண்டும் எனக்கு ஒண்ணுதான் சார்" என்று முடித்துவிட்டான். அவன் இந்தப் பாட்டுகளைக் கேட்பது போனில், பஸ்ஸில். எங்களில் யார் புளுகுகிறோம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன்தான் என்பது என் சந்தேகம்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். மறுவெளியீட்டின் மேல் சொல்லப்படுகிற குறைகளில் பாதிக்கு மறுவெளியீடு காரணமே இல்லை. 1969-ல் பதிவு செய்தபோதே அந்தக் கரடுமுரடு உள்ளே இருக்கிறது. பழைய தட்டில் தூசியும் தேய்மானமும் அதை மூடி வைத்திருந்தன, அவ்வளவுதான்.

"செசிலியா"வை எடுத்துக்கொள்ளுங்கள். "டிரம் சத்தம் அட்டை டப்பா மாதிரி கேட்கிறது, சிடியில் கெடுத்துவிட்டார்கள்" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது டிரம்மே இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் ப்ளூ ஜே வே என்ற தெருவில் வாடகை வீடு எடுத்துத் தங்கியிருந்தபோது, சைமன், கார்ஃபங்கல், சைமனின் தம்பி எடி, இன்னொரு நண்பர் எல்லோரும் பியானோ பெஞ்சையும் தொடையையும் கிடார் உடம்பையும் தட்டி விளையாடியதை வீட்டு டேப் ரெக்கார்டரில் பிடித்தார்கள். அதில் நன்றாக வந்த துண்டை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் பாட்டைக் கட்டினார்கள். வீட்டு ரெக்கார்டரில் பிடித்தது வீட்டு ரெக்கார்டர் மாதிரிதான் கேட்கும். எந்த இன்ஜினியர் வந்தாலும் அதை ஸ்டூடியோ டிரம் ஆக்க முடியாது, ஆக்கவும் கூடாது.

"பை பை லவ்"வும் அப்படித்தான். இது எவர்லி சகோதரர்கள் 1957-ல் பாடிப் புகழ்பெற்ற பாட்டு. இந்த ஆல்பத்தில் இருப்பது அயோவா மாநிலம் ஏம்ஸ் நகரில் மேடையில் பாடியபோது பிடித்த பதிவு. கூட்டத்தின் கைதட்டல் தாளத்தோடு சேர்ந்தே வரும். சுத்தமான ஸ்டூடியோ பாட்டுகளுக்கு நடுவில் திடீரென்று கூட்டச் சத்தம் வந்தால் சிடி கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். உங்கள் பெரியப்பா தட்டிலும் அதே சத்தம்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

"தி பாக்ஸர்" வேறு ரகம். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் 100 மணி நேரத்துக்கு மேல் பதிவு நடந்தது. கொஞ்சம் நாஷ்வில்லில், கொஞ்சம் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்து தேவாலயத்தில், மீதி ஸ்டூடியோவில். ரெக்கார்டிங் இன்ஜினியர் ராய் ஹேலீ எட்டு ஒலியைத் தனித்தனியாகப் பதிகிற 'எட்டு டிராக்' மெஷின் இரண்டைச் சேர்த்து ஓட்டி அத்தனையையும் அடக்கினார். பல்லவிக்கு நடுவில் பீரங்கி மாதிரி ஒரு அடி விழுகிறதே, அதை டிரம்மர் ஹால் பிளெய்ன் லிஃப்ட் வாசலில் டிரம்மை வைத்து அடித்தார். அடித்த நேரம் பார்த்து லிஃப்ட் கதவு திறந்து ஒரு வயதான காவலாளி வெளியே வந்து அரண்டு போனார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. இத்தனை அடுக்கு இருக்கிற பாட்டில் மறுவெளியீடு ஜெயிக்கிறது. கொயர்க்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

தலைப்புப் பாட்டில் மட்டும் ரிப்பேர் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தப் பாட்டு கட்டியிருக்கிற விதம் அப்படி. லாரி நெக்டெல் வாசித்த பியானோ, கார்ஃபங்கல் குரல், இரண்டு மட்டும் கிசுகிசு மாதிரி தொடங்கும். மூன்றாவது சரணத்துக்கு வரும்போதுதான் டிரம்ஸ், பேஸ், வயலின் கூட்டம் எல்லாம் சேர்ந்து கூரையைத் தூக்கும். முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் நடுவே இருக்கிற அந்த ஏற்றம்தான் பாட்டு. சிடியில் ஆரம்பத்தையே கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டால் ஏறுவதற்கு இடம் குறைந்துபோகும். அன்றைக்கு நாங்கள் கேட்டதில் எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் எல்பியில் இதே மென்மையான ஆரம்பத்தில்தான் ஒவ்வொரு கீறலும் பொட்டுப் பொட்டென்று வெடிக்கும். ஏற்றம் வேண்டுமா, அமைதி வேண்டுமா? பழைய தட்டில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது கஷ்டம்.

எல்பிக்காரர்கள் அடிக்கடி கோட்டை விடுகிற ஒரு விஷயம் உண்டு. தட்டு எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது, நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. ஆனால் ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடுகிற வேகம் வெளி ஓரத்தில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ., உள்ளே லேபிள் பக்கம் 20 செ.மீ.க்குச் சற்று மேல். அதனால் வெளி ஓரத்தில் இருக்கிற பாட்டு தெளிவாகவும், உள்ளே போகப் போகக் கொஞ்சம் கரகரப்பாகவும் கேட்கும். இந்த ஆல்பத்தின் வரிசையை அந்தக் கண்ணோடு பாருங்கள். முதல் பக்கத்தின் வெளி ஓரத்தில் தலைப்புப் பாட்டு. இரண்டாம் பக்கத்தின் வெளி ஓரத்தில் "தி பாக்ஸர்". சத்தமும் அடுக்கும் அதிகமான இரண்டும் நல்ல இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. உள் ஓரத்தில் "ஸோ லாங், ஃபிராங்க் லாயிட் ரைட்", "சாங் ஃபார் தி ஆஸ்கிங்" என்று இரண்டு மெல்லிய பாட்டு, உள் பள்ளத்தின் குறை அதிகம் தெரியாது. யோசித்து வைத்தார்களோ, தானாக அமைந்ததோ, எல்பிக்காகவே பிறந்த வரிசை இது. பழைய தட்டு இன்னமும் பலருக்கு இனிக்கிறது என்றால் இதுவும் ஒரு காரணம்.

அதற்காக அனலாக், அதாவது நடுவே டிஜிட்டல் கலக்காத பழைய முறை ஒலி, என்றாலே அமிர்தம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அமெரிக்காவில் விலை உயர்ந்த மறுவெளியீட்டுத் தட்டுகள் போடுகிற ஒரு கம்பெனி, பல தட்டுகளில் நடுவே டிஜிட்டல் நகல் ஒன்றைப் பயன்படுத்தியது 2022-ல் வெளியே வந்தது. அதுவரை அந்தத் தட்டுகளைக் கேட்டு "கலப்படமில்லாத அனலாக்" என்று உருகியவர்கள் யாரும் காதால் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

சரி, ஜோடியின் கடைசி ஆல்பம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த விடைபெறும் ஆல்பம் என்ற பேச்சுக்கு வருவோம். கேட்பவர்களின் கருத்து பிரிவதற்கு ஒலியைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இதை யாரும் விடைபெறும் ஆல்பம் என்று அறிவித்து வெளியிடவில்லை. இரண்டு பேரும் 1941-ல் பிறந்தவர்கள், நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் சேர்ந்து வளர்ந்தவர்கள், 1957-லேயே டாம் அண்ட் ஜெர்ரி என்ற பெயரில் ஒரு பாட்டு வெளியிட்டவர்கள். கார்ஃபங்கல் 'கேட்ச்-22' படத்தில் நடிக்க மெக்சிகோ போய்விட்டார். சைமனுக்கும் அதில் ஒரு வேஷம் இருந்தது, அதை வெட்டிவிட்டார்கள். சைமன் நியூயார்க்கில் தனியாக உட்கார்ந்து எழுதிய பாட்டுதான் "தி ஒன்லி லிவிங் பாய் இன் நியூயார்க்". அதில் வருகிற டாம் வேறு யாருமில்லை, பழைய டாம் அண்ட் ஜெர்ரியின் டாம், கார்ஃபங்கல்தான்.

"ஸோ லாங்" பாட்டும் அப்படி. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டுக்கு விடை சொல்வது போல இருக்கும். கார்ஃபங்கல் கட்டடக்கலை படித்தவர். தனக்கே விடை சொல்கிற பாட்டு என்று தெரியாமலேயே அதைப் பாடியிருக்கிறார். பாட்டு தேய்ந்து முடிகிற இடத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் கார்ஃபங்கலின் செல்லப்பெயரைச் சொல்லி விடைகொடுப்பது லேசாகக் கேட்கும். குரல் கொடுத்தவர் ஹேலீ. பழைய தட்டில் இது உள் பள்ளத்தில் அமுங்கிப்போய்க் கிடக்கும். சிடியில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் பிடித்துவிடலாம். மறுவெளியீடு நல்லதா என்று சோதிக்க நான் முதலில் போடுகிற இடம் இதுதான்.

12-வது பாட்டு ஒன்றும் இருந்திருக்க வேண்டும். சைமன் எழுதிய அரசியல் பாட்டைப் பாட கார்ஃபங்கல் ஒத்துக்கொள்ளவில்லை, கார்ஃபங்கல் கேட்ட, பாக் என்ற பழைய ஜெர்மன் இசைமேதையின் இசையைச் சைமன் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 11-லேயே நிறுத்திவிட்டார்கள். 1971 கிராமி விழாவில் ஆண்டின் ஆல்பம், ஆண்டின் ரெக்கார்ட், ஆண்டின் பாடல் மூன்றையும் தட்டிச் சென்றபோது ஜோடி பிரிந்தாகிவிட்டது.

இது தெரிந்து கேட்பவர்களுக்கு "சாங் ஃபார் தி ஆஸ்கிங்" முடிந்த இடத்தில் எல்லாம் முடிந்துவிட வேண்டும். இரண்டு நிமிஷம்கூட இல்லாத சின்னப் பாட்டு, சைமன் தனியாகப் பாடுகிறார். அதற்குப் பின்னால் 2001 சிடியில் மறுபடியும் தலைப்புப் பாட்டின் டேக் ஒன்று தொடங்குகிறது. எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஓய்வுபெற்ற இங்கிலீஷ் டீச்சரம்மா இதைப் பற்றிச் சொன்னது: "பந்தி முடிஞ்சு கை கழுவினவளைத் திரும்ப இலையில உக்கார வெக்கிறாங்க." நான் முழுக்க அவர் கட்சி. அந்த டேக் வரலாற்றுக்கு நல்லது, ஆல்பத்துக்கு நல்லதில்லை. 2011 பதிப்பில் முதல் தட்டு 11 பாட்டோடு நின்றுவிடுகிறது, அந்த ஒரு காரியத்துக்காகவே அதற்கு என் ஓட்டு.

ஆனால் அதை வாங்கச் சொல்வதற்கு நிஜக் காரணம் இரண்டாவது தட்டு. 1969 அக்டோபர், நவம்பரில் அமெரிக்காவில் பல ஊர்களில் பாடியதைத் தொகுத்தது. தனியாக 2008-லேயே வெளிவந்ததுதான். ஆல்பம் கடைக்கு வர இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கிறது. தலைப்புப் பாட்டை அந்தக் கூட்டத்தில் யாரும் அதுவரை கேட்டதே இல்லை. பியானோவும் கார்ஃபங்கலும் மட்டும். வயலின் இல்லை, ஸ்டூடியோ ஜாலம் இல்லை. பாட்டு முடிந்ததும் எழும்புகிற கைதட்டலைக் கேளுங்கள். அந்தப் பாட்டை எழுதியவர் சைமன், அதைக் கார்ஃபங்கல்தான் பாட வேண்டும் என்றவரும் அவரே. கார்ஃபங்கல் முதலில் "நீயே பாடு" என்றுதான் சொன்னார். மேடை ஓரத்தில் நின்று இந்தக் கைதட்டலைக் கேட்கும்போது மனசு பொருமியதைச் சைமனே பின்னாளில் ஒத்துக்கொண்டிருக்கிறார். இதே தட்டில் "தி பாக்ஸர்" பாட்டில் ஆல்பத்தில் இல்லாத ஒரு சரணம் கூடுதலாக வருகிறது, வயது ஏறுவதைப் பற்றி. ரிட்டயர் ஆகிறவருக்குக் கொடுக்கிற பரிசில் அது இருப்பது நல்ல பொருத்தம்.

சி.எம்.சி.யில் வேலை செய்கிற மிசோ சிஸ்டர் ஒருவர் அன்றைக்கு வந்திருந்தார். அவ்வளவு நேரம் நாங்கள் சிடியா எல்பியா என்று அடித்துக்கொண்டதை வாய் திறக்காமல் கேட்டவர், கச்சேரித் தட்டு ஓடியதும் இரண்டாம் குரலைத் தானாகப் பிடித்துப் பாட ஆரம்பித்துவிட்டார். ஊரில் சர்ச்சில் பழகியதாம். "இங்கேதான் ரெண்டு பேரும் ஒருத்தர் மூச்சை ஒருத்தர் பார்த்துப் பாடறாங்க, ஸ்டூடியோவில தனித்தனியா பாடி ஒட்டினது தெரியுது" என்றார். பாடுகிறவர் காது வேறு. எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை.

டிவிடியில் இரண்டு படம். ஆல்பம் உருவான கதையைச் சம்பந்தப்பட்டவர்களே சொல்கிற ஆவணப்படம் ஒன்று, நன்றாக இருக்கும். இன்னொன்று 1969 நவம்பர் 30 அன்று அமெரிக்க டிவியில் வந்த 'சாங்ஸ் ஆஃப் அமெரிக்கா'. வியட்நாம் போர், கென்னடி சகோதரர்கள், மார்ட்டின் லூதர் கிங் காட்சிகளோடு பாட்டுகளைக் கோத்திருப்பார்கள். பார்த்துவிட்டு ஸ்பான்சர் பண்ணிய டெலிபோன் கம்பெனி பின்வாங்கியது, வேறொருவர் வந்துதான் ஒளிபரப்பானது. பாட்டு மட்டும் போதும் என்பவர்களுக்கு இது போரடிக்கலாம். உங்கள் பெரியப்பா அந்தக் காலத்துப் பேப்பர் படித்து வளர்ந்தவராக இருந்தால் விடமாட்டார்.

  

ஆக, 2011 பெட்டியை வாங்குங்கள். முதல் தட்டு பெரியப்பாவிடம் இருக்கிற எல்பியைவிட ஒசத்தி என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், வீண் வம்பு. கச்சேரித் தட்டைச் சொல்லிக் கொடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அவர் ஆசைப்பட்டால் சத்தத்தைச் சமமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எது கொஞ்சம் உரக்க ஓடுகிறதோ அது நன்றாக இருப்பது போல் காது ஏமாற்றும். எங்கள் மாடியில் நடந்த வாக்குவாதத்தில் பெரும்பகுதி, வால்யூமைச் சமப்படுத்தியதும் அடங்கிவிட்டது.

எல்பியை விற்கவும் விடாதீர்கள். நம் பக்கத்து மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சீட் கூரை போட்ட மாடி ரூமிலோ, வெயிலில் நிறுத்திய காரிலோ தட்டை வைத்தால் வளைந்துவிடும், வளைந்தால் நிமிர்த்துவது கஷ்டம். கீழ் வீட்டில், சுவரில் வெயில் படாத அலமாரியில், படுக்க வைக்காமல் நிற்க வைக்கச் சொல்லுங்கள். தூசி இருந்தால் டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, மெல்லிய துணியால் பள்ளம் ஓடுகிற திசையிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். லேபிள் நனையக் கூடாது. அப்புறம், டிவிடி பிளேயர் அவர் வீட்டில் இன்னும் ஓடுகிறதா என்று பெரியம்மாவிடம் முன்னாடியே விசாரித்து வையுங்கள்.